பூண்டு வாடை அடித்த டப்பா

புதிதாகச் சேர்ந்திருக்கும் உங்கள் மூவருக்கும், இனி வரப்போகிறவர்களுக்கும் இதை எழுதுகிறேன்.

இந்த மாதக் கடைசியோடு நான் இந்த வேலையை விடுகிறேன். சேர்ந்து ஏழு வருஷம் ஆகிறது. முப்பது வயதுகூட முடியவில்லை, ஓய்வு பெற்றவள் மாதிரி எழுத உட்கார்ந்துவிட்டாளே என்று நீங்கள் சிரிக்கலாம். சிரித்துவிட்டுப் படியுங்கள். எருக்குழியை எவ்வளவு ஆழம் வெட்டுவது, எத்தனை நாளைக்கு ஒருமுறை புரட்டுவது, உடைந்த கண்ணாடியைக் கையைக் கிழிக்காமல் எப்படிச் சாக்கில் கட்டுவது என்பதெல்லாம் அலுவலகக் கையேட்டில் இருக்கிறது. அதில் பாதி நான் எழுதியதுதான். கையேட்டில் இல்லாத ஒன்றை மட்டும் இங்கே எழுதுகிறேன்.

என்னைப் பற்றி முதலில் சொல்லிவிட வேண்டும், இல்லாவிட்டால் நடந்தது விளங்காது. எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். அப்பா பரவைச் சந்தையில் மூட்டை தூக்குகிறவர். அம்மா ஆரப்பாளையத்தில் பஸ் ஏற வேண்டுமென்றால், பலகையில் என்ன ஊர் போட்டிருக்கிறது என்று நாலு பேரைக் கேட்டுத்தான் ஏறுவார். நான் கல்லூரி முடித்து, கையில் ஒரு பையும் குறிப்பேடுமாக அதே பஸ்ஸில் ஏறி வேலைக்குப் போனபோது, கண்டக்டர் என்னை “டீச்சர்” என்று கூப்பிட்டார். நான் டீச்சர் இல்லை. ஆனாலும் திருத்தவில்லை. அந்தப் பெருமை எனக்கு இருந்தது. இன்றும் இருக்கிறது. அதை விட்டுவிடுங்கள் என்று உங்களுக்குச் சொல்லப் போவதில்லை. எங்கள் வீட்டில் யாருக்கும் கிடைக்காதது எனக்குக் கிடைத்தது. அதைத் தலையில் வைத்துக்கொண்டுதான் நடந்தேன்.

வேலையில் சேர்ந்து எட்டு மாதம் ஆனபோது, அலங்காநல்லூர்ப் பக்கம் ஒரு ஊரில் திட்டத்தைத் தொடங்கும் பொறுப்பை எனக்குக் கொடுத்தார்கள். ஊரின் பெயர் வேண்டாம். அம்மா பிறந்த ஊருக்கு அடுத்த ஊர் என்பது போதும். அதனால் அங்கே எல்லோரும் என்னை “நம்ம வீட்டுப் பிள்ளை” என்றார்கள்.

வேலை எளிதானதுதான். வீட்டுக்கு வீடு கிடக்கும் பழைய காகிதம், பாட்டில், தகரம், கந்தல் எல்லாவற்றையும் பெண்கள் கொண்டுவந்து கொடுப்பார்கள். ஊருக்கு வெளியே, கரும்பு ஆட்டி வெல்லம் காய்ச்சுவதை நிறுத்திவிட்ட ஒரு கொட்டகையை வாங்கியிருந்தோம். அங்கே வியாழக்கிழமைதோறும் தரம் பிரிப்போம். உடைசலும் காகிதமும் மதுரைக்குப் போகும். நல்ல மூடியோடு இருக்கும் டப்பாக்களைச் சாம்பலும் புளியும் போட்டுத் தேய்த்து, வெயிலில் காயவைத்து, ஊருக்கே திரும்பக் கொடுப்போம். ரேஷன் கடையில் பாமாயில் போடத் தொடங்கியிருந்த காலம் அது. எண்ணெய் வாங்க ஏனம் நாம்தான் கொண்டுபோக வேண்டும். எனவே திருகுமூடி போட்ட டப்பாவுக்கு அப்படி ஒரு கிராக்கி. திட்டத்துக்கு நாங்கள் வைத்த நீளமான பெயர் யார் வாயிலும் நுழையவில்லை. “டப்பா சங்கம்” என்றுதான் சொன்னார்கள்.

பூச்சி மருந்து டப்பாவும் வரும். அதற்கு நான் ஒரு விதி எழுதி, சிவப்பு மையில் மண்டையோடு வரைந்து, கொட்டகைச் சுவரில் ஒட்டியிருந்தேன். டப்பாவின் மேல் இருப்பதைப் படி. மருந்து என்று இருந்தால் அடியில் ஆணி அடித்து ஓட்டை போடு. அது பழைய இரும்புக்குப் போகட்டும். என் மேலதிகாரி அந்தத் தாளைப் பார்த்துவிட்டு, மற்ற ஊர்களுக்கும் இதையே எழுதி அனுப்பு என்றார். எனக்குத் தரையில் கால் பாவவில்லை.

தரம் பிரித்தவர் பேச்சியக்கா. என்னைவிடப் பன்னிரண்டு வயதாவது மூத்தவர். அக்கா என்று இப்போது எழுதுகிறேன். அன்றைக்கு நான் “பேச்சி” என்றுதான் கூப்பிட்டேன், அவர் என்னை “டீச்சர், வாங்க, போங்க” என்பார். அவர் காலனியில் இருந்தார், நான் அந்த ஊர்க்காரர்களுக்கு நம்ம வீட்டுப் பிள்ளை. அது அப்படித்தான் இருந்தது, எனக்கு அதில் ஒன்றும் உறுத்தவில்லை.

அவருக்குப் படிக்கத் தெரியாது. சுவரில் ஒட்டிய தாளைப் பார்த்து, “இந்த மண்ட ஓட்ட எதுக்கு டீச்சர் வரஞ்சிருக்கீங்க? நம்ம தலைவர் சாடையில இருக்கு” என்றார். பஞ்சாயத்துத் தலைவரின் முன்பற்கள் அப்படித்தான் இருக்கும். வந்த டப்பா ஒவ்வொன்றையும் மூடி திறந்து மூக்கருகில் கொண்டுபோவார். “இது சீமெண்ண. இது நல்லெண்ண, கசந்து போனது. இது மருந்து.” அவ்வளவுதான். பிறகு நான் படித்துப் பார்த்தால் அதேதான் இருக்கும். அதை ஒரு வேடிக்கை என்றுதான் நினைத்தேன். அவர் பொடி போடுகிறவர். மடியில் ஒரு சின்னத் தகர டப்பி, அரை மணிக்கு ஒருமுறை ஒரு சிட்டிகை. “பொடி போட்டா மூக்கு மந்திச்சுப் போகாதா?” என்று கேட்டதற்கு, “பொடி போட்டாத்தான் கதவே தொறக்கும்” என்றார்.

அந்த வியாழக்கிழமை, மறுநாள் ரேஷன் கடையில் எண்ணெய் போடுகிறார்கள் என்று ஊரில் சொல்லியிருந்தார்கள். கொட்டகையில் பன்னிரண்டு பெண்கள் டப்பாவுக்கு நின்றார்கள். காய்ந்து தயாராக இருந்தவை பதினொன்று. கடைசியாக நின்றவர் காளியம்மா.

காளியம்மாவுக்கு என்னைவிட ஒரு வயது கூட இருக்கலாம். மூன்று வயதில் ஒரு பெண் குழந்தை. புருஷன் ராசுவுக்குக் கொஞ்சம் கரும்பு நிலம். காளியம்மாவின் வாய் ஓயாது. அவர் வந்தால் கொட்டகையில் வேலை நடப்பதே தெரியாது.

“எனக்கு மட்டும் இல்லன்னா எப்பூடி டீச்சர்? எண்ணெய என் சேல முந்தியிலயா முடிஞ்சு கொண்டாருவேன்?” என்றார். பிறகு கொட்டகையின் மூலையைக் காட்டினார். “அந்தா, ஒண்ணு தனியாக் கெடக்குல்ல. மூடியெல்லாம் நல்லாத்தான இருக்கு.”

“அது வேணாம்” என்றார் பேச்சியக்கா, தலையைத் தூக்காமல்.

நான் போய் எடுத்துப் பார்த்தேன். நிலக்கடலைப் படம் போட்ட எண்ணெய் டப்பா. கழுவியும் ஆகியிருந்தது. “ஏன் வேணாம்? நல்லாத்தான இருக்கு.”

“பூண்டு வாடை அடிக்குது டீச்சர்.”

“எண்ண டப்பாவுல பூண்டு வாடை வராம மல்லியப்பூ வாடையா வரும்?” என்றார் காளியம்மா. “பேச்சிக்கு என்னையக் கண்டா ஆகாது. களையெடுக்கையில என் நெரைய அவளால முந்த முடியலைல, அந்தக் கோவம்.”

“நீங்க முந்துனது எனக்குத் தெரியாதாக்கும். பாதிக் களைய மிதிச்சு அமுக்கிட்டுல்ல போனீங்க” என்றார் பேச்சியக்கா. எல்லோரும் சிரித்தார்கள். காளியம்மாதான் அதிகம் சிரித்தார். ஆனால் பேச்சியக்கா எழுந்து வந்து, டப்பாவை இன்னொரு முறை முகர்ந்துவிட்டு, என்னிடம் தணிந்த குரலில் சொன்னார். “வேணாம் டீச்சர். இது சமையல் பூண்டு இல்ல. கழுவுனதுல என்னன்னு பிடிபடல, ஆனா கொமட்டுது.”

நானும் முகர்ந்தேன். எனக்குச் சாம்பல் வாடைதான் வந்தது. டப்பாவைத் திருப்பி, அதன் மேல் அச்சிட்டிருந்ததை எல்லோருக்கும் கேட்கும்படி வாசித்தேன். சுத்தமான கடலை எண்ணெய் என்று இருந்தது. மண்டையோடு இல்லை, எச்சரிக்கை இல்லை. பன்னிரண்டு பெண்கள் என்னைப் பார்த்துக்கொண்டு நிற்கிறார்கள். அதில் ஒருவருக்கு மட்டும் இல்லை என்று சொல்ல வேண்டும், அதுவும் காரணம் சொல்லத் தெரியாத ஒருவருடைய மூக்கை நம்பி.

“பொடி போடுற மூக்க நம்பவா, எழுதியிருக்கிறத நம்பவா?” என்றேன்.

அதற்கும் சிரித்தார்கள். காளியம்மா வந்து டப்பாவைப் பிடித்தார். பேச்சியக்கா அதன் மறுபக்கத்தைப் பிடித்தபடி, “வேணாம் தாயி, அடுத்த வாரம் நல்லதா ஒண்ணு எடுத்து வைக்கிறேன்” என்றார்.

“விடு பேச்சி” என்றேன்.

விட்டார்.

இங்கே கொஞ்சம் நிறுத்தி, எனக்குத் தெரியாமல் போனது என்ன என்று சொல்கிறேன். உங்களுக்கும் இது தெரியாமல் போகலாம். அந்தப் பக்கத்தில் சிறு நிலக்காரர்கள் பூச்சி மருந்தை ஆளுக்கொன்றாக வாங்க மாட்டார்கள். ஒரு டப்பா அரை ஏக்கருக்கு அதிகம். அண்ணன் தம்பி, மாமன் மச்சான் இருவர் சேர்ந்து ஒன்று வாங்கி, பாதியை வீட்டில் கிடக்கிற வேறொரு டப்பாவில் ஊற்றிப் பங்கு போட்டுக்கொள்வார்கள். ஒருவருக்கு மண்டையோடு போட்ட டப்பா கிடைக்கும். மற்றவருக்குக் கடலைப் படம் போட்ட டப்பா. தெளித்து முடித்ததும் இரண்டும் கொல்லையில் கிடக்கும். இரண்டும் நம்மிடம் வரும். என் விதி ஒன்றைப் பிடிக்கும், மற்றதை விட்டுவிடும். டப்பாவின் மேல் அச்சிட்டிருந்தது பொய் இல்லை. அதைச் செய்த கம்பெனி அதில் என்ன ஊற்றியது என்பதை அது சரியாகத்தான் சொன்னது. அதற்குப் பிறகு அதில் எதை ஊற்றினார்கள் என்பதைச் சொல்ல அந்தக் கொட்டகையில் ஒரே ஒரு மூக்குதான் இருந்தது.

இன்னொன்றும் தெரியாது. புளியும் சாம்பலும் போட்டுத் தண்ணீரில் எத்தனை முறை தேய்த்தாலும், டப்பாவின் அடி மடிப்பில் காய்ந்து ஒட்டிய மருந்து போகாது. அது எண்ணெயில்தான் கரையும். நாம் கழுவினோம். காளியம்மா எண்ணெய் ஊற்றினார்.

வெள்ளிக்கிழமை எண்ணெய் வாங்கினார்கள். சனிக்கிழமை மத்தியானம் காளியம்மா வீட்டில் கத்திரிக்காய் வதக்கல். ராசுவும் அவருடைய அம்மாவும் முதலில் சாப்பிட்டார்கள். குழந்தை அன்றைக்குத் தன் அம்மாச்சி வீட்டில் இருந்தது. நம் வீடுகளில் சமைத்தவள் கடைசியில் என்ன செய்வாள் என்று உங்களுக்குத் தெரியும். வதக்கிய சட்டியில் எண்ணெய் மினுங்கிக்கொண்டிருக்கும்போதே சோற்றைப் போட்டுப் பிரட்டிச் சாப்பிடுவாள். காளியம்மா அப்படித்தான் சாப்பிட்டார்.

எருக்குழியைப் பார்க்க அன்று நான் ஊருக்கு வந்திருந்தேன். பஸ்ஸை விட்டு இறங்கும்போது கரும்பு ஏற்றும் ட்ராக்டர் ஒன்று எதிரே வந்தது. பின்னால் பெட்டியில் மூன்று பேரைக் கிடத்தியிருந்தார்கள். ஏன், எதற்கு என்று கேட்கவில்லை, நானும் ஏறிக்கொண்டேன். ராசு வாந்தியெடுத்துக்கொண்டே பெண்டாட்டியின் பெயரைச் சொன்னார். அவர் அம்மா முனகிக்கொண்டு கிடந்தார். காளியம்மாவின் தலையை என் மடியில் வைத்தார்கள். வாயிலிருந்து எச்சில் நிற்காமல் வழிந்தது. உடம்பு முழுக்க வேர்த்துச் சேலை நனைந்திருந்தது. கண் திறந்துதான் இருந்தது. கருவிழிக்கு நடுவில் இருக்கும் புள்ளி கடுகை விடச் சின்னதாகச் சுருங்கியிருந்தது. மதுரை போய்ச் சேரும்வரை அந்தக் கண்ணைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒன்றும் புரியவில்லை எனக்கு.

ஆஸ்பத்திரியில் டாக்டர் குனிந்து பார்த்த உடனே நிமிர்ந்தார். “பூண்டு வாடை வருதே. வயலுக்கு அடிக்கிற மருந்து எதையாவது குடிச்சாங்களா?”

பூண்டு என்று அவர் சொன்னதும் எனக்குப் புரிந்துவிட்டது. “குடிக்கல சார். எண்ண வாங்குன டப்பாவுல இருந்திருக்கும்” என்றேன். அதை மட்டும் தாமதிக்காமல் சொன்னேன். ராசுவும் அவர் அம்மாவும் பிழைத்தார்கள். காளியம்மா பொழுது சாய்வதற்குள் போய்விட்டார்.

டப்பா எங்கிருந்து வந்தது என்பதை டாக்டரிடம் சொன்னேன். அதை யார் கொடுத்தது என்பதை அவர் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

மறுநாள் ஊர் மந்தையில் கூடினார்கள். மருந்தைப் பங்கு போட்டு வாங்கியவர் யார் என்பது அதற்குள் தெரிந்துவிட்டது. அவர் ஒன்றையும் மறைக்கவில்லை. “ஆமா, மருந்து ஊத்துன டப்பாதான். பழசுன்னு சங்கத்துல போட்டேன். பாத்து ஒதுக்கத்தான ஆள் வச்சிருக்காக?” என்றார். எல்லோரும் பேச்சியக்காவின் பக்கம் திரும்பினார்கள். அவரைக் காலனியிலிருந்து கூட்டிவந்து, மந்தைக்கு வெளியே வெயிலில் நிறுத்தியிருந்தார்கள். நான் தலைவருக்குப் பக்கத்தில் நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன். என் அம்மாவின் தாய்மாமன் வழியில் அவர் எனக்குச் சித்தப்பா முறை.

“மூக்க வச்சுக்கிட்டு என்னா செஞ்ச நீ?” என்றார் தலைவர்.

“நான் வேணாமுன்னுதான் சொன்னேன் சாமி. டீச்சரக் கேளுங்க.”

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். வியாழக்கிழமை கொட்டகையில் நின்ற பெண்களும் கூட்டத்தில் இருந்தார்கள். அவர்களும் பார்த்தார்கள். நான் வாயைத் திறந்திருந்தால் அவர்களும் திறந்திருப்பார்கள். இதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

“அம்புட்டுப் படிச்ச பிள்ளையவா சாட்சிக்கு இழுக்குற?” என்றார் தலைவர். “நம்ம வீட்டுப் பிள்ள, நம்ம ஊருக்கு நல்லது செய்ய வந்துருக்கு. அதுக்கு இதுவா மருவாதி?”

நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

இதைத்தான் உங்களிடம் மறைக்காமல் சொல்ல வேண்டும் என்று உட்கார்ந்தேன். டப்பாவைக் கொடுத்தது அவசரத்தில், அறியாமையில் செய்தது. பன்னிரண்டு பேர் முன்னால் தலை நிமிர்ந்து நிற்க ஆசைப்பட்டுச் செய்தது. அது தவறுதான், பெரிய தவறு. ஆனால் மந்தையில் அவசரம் ஏதும் இல்லை. யோசிக்க நேரம் இருந்தது. என்ன நடக்கும் என்றும் தெரிந்திருந்தது. அப்பா சந்தையில் எல்லோரிடமும் சொல்லி வைத்திருக்கும் மகள் நான். ஒரு உயிர் போகக் காரணமானவள் என்று பெயர் வாங்கினால் அவர் எந்த முகத்தோடு மூட்டை தூக்குவார் என்று யோசித்தேன். காலனியில் இருப்பவருக்கும் ஒரு முகம் உண்டு என்று யோசிக்கவில்லை.

இனி யாரும் பேச்சியைக் காட்டு வேலைக்குக் கூப்பிடக் கூடாது என்று முடிவு செய்தார்கள். கரும்பு வெட்டு நடந்துகொண்டிருந்த நேரம். வருஷத்தில் அந்த ஊரில் எல்லோருக்கும் கூலி கிடைப்பது அந்த நாட்களில்தான். அவரை மட்டும் இல்லை, அவருடைய புருஷனையும் கூப்பிடவில்லை.

போலீஸிலிருந்து வந்து டப்பாவை எடுத்துப் போனார்கள். நடந்ததற்கு எழுத்தில் விளக்கம் கொடுக்கும்படி எங்கள் அலுவலகத்திடம் கேட்டார்கள். என் மேலதிகாரி நல்ல மனிதர். உண்மையாகவே சொல்கிறேன், அவரிடம் நான் நிறையக் கற்றேன். அவர் ஒரு தாளில் அழகாக எழுதினார். தரம் பிரிக்கும் பணியாளரான நான், கவனக்குறைவாக, மருந்து இருந்த டப்பாவை நல்ல டப்பாக்களோடு சேர்த்துவிட்டேன் என்று பேச்சியக்கா சொல்வதாக இருந்தது.

“இதுல அவளுக்குப் பெரிசா ஒண்ணும் வராதும்மா. கூலி ஆள். எச்சரிச்சு விட்டுருவாங்க” என்றார். “உன் பேரு வந்தா திட்டத்தையே மூடிருவாங்க. பதினாலு ஊரு. அதையும் யோசி. நீ போய் வாசிச்சுக் காட்டி, ரேகை வாங்கிட்டு வா. உன்கிட்டன்னா வைப்பா.”

புதன்கிழமை போனேன். அந்த ஊருக்கு எட்டு மாதமாகப் போய்வந்தாலும் காலனிக்குள் நான் போனது அதுதான் முதல் முறை. பேச்சியக்கா வாசலில் உட்கார்ந்திருந்தார். புருஷன் உள்ளே படுத்திருந்தார். கரும்பு வெட்டுகிற பருவத்தில் ஒரு ஆள் பகலில் படுத்திருப்பதைப் பார்ப்பது என்னவோபோல் இருந்தது. உட்காருங்கள் என்று அவர் சொல்லவில்லை. நின்றுகொண்டே தாளை வாசித்தேன். ஒரு வார்த்தையும் மாற்றாமல் வாசித்தேன்.

கேட்டு முடித்துவிட்டு, “நான்னு அதுல இருக்கே, அது யாரு? நானா?” என்றார்.

“ஆமா.”

“நான் அப்புடிச் சொல்லலியே.”

மைப் பெட்டி என் கையில் இருந்தது. அவர் அதைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். பிறகு கையைச் சேலையில் துடைத்துவிட்டு, இடது கட்டை விரலை நீட்டினார்.

“படிச்சவுக நீங்க. வைக்கச் சொன்னா வச்சிர்றேன். பொறகாவது எங்க வீட்டுக்காரவுகள வேலைக்குக் கூப்புடச் சொல்லுங்க.”

நீட்டிய அந்த விரலில், டப்பாக்களின் விளிம்பு கிழித்த பழைய தழும்புகள் குறுக்கும் நெடுக்குமாக இருந்தன. எல்லாம் என் கொட்டகையில் வாங்கியவை. என்னால் மைப் பெட்டியைத் திறக்க முடியவில்லை. தாளைத் திருப்பி, பின்பக்கத்தில், என் பையை மடியில் வைத்து எழுதினேன். டப்பாவின் மேல் எழுதியிருந்ததை நம்பி, அது எண்ணெய் டப்பா என்று எண்ணி, காளியம்மாவிடம் கொடுத்தவள் நானே. கீழே என் முழுப் பெயரையும், பெயருக்குப் பின்னால் பட்டத்தையும் எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

“நீங்க வைக்க வேணாம்” என்றேன். அவரை “நீங்க” என்று சொன்னது அதுதான் முதல் தடவை. அவர் அதைக் கவனித்ததாகத் தெரியவில்லை.

அந்தத் தாளைக் கொடுத்தபோது மேலதிகாரி அதை இரண்டு முறை படித்தார். பிறகு அதை டைப் அடிக்கச் சொல்லி அனுப்பினார். ஜெயிலுக்குப் போவேன் என்று நினைத்து அப்பாவிடம் அழுதுகொண்டே எல்லாவற்றையும் சொன்னேன். அவர் அன்றைக்குச் சந்தைக்குப் போகவில்லை.

எனக்கு ஒன்றும் ஆகவில்லை. போலீஸில் ஒருமுறை கூப்பிட்டு விசாரித்தார்கள், பிறகு கூப்பிடவில்லை. திட்டமும் மூடப்படவில்லை, அந்த ஊரில் மட்டும் நிறுத்தினார்கள். தலைவரைப் பார்த்து நானே சொன்னேன். ராசுவின் வீட்டுக்குப் போய் அவரிடமும் சொன்னேன். ராசு குழந்தையைத் தூக்கிக்கொண்டு கொல்லைப் பக்கம் போய்விட்டார். தலைவர் என்னைச் சமாதானப்படுத்தினார். “சின்னப் பிள்ள, வேணும்னா செஞ்ச? டப்பாவுல எண்ணெயின்னு எழுதியிருந்தா யாரா இருந்தாலும் நம்பத்தான் செய்வாக. நடந்தது விபத்து. விடு.”

அதே டப்பா பேச்சியக்காவின் தலையில் இருந்தவரை, அதற்கு என்ன தண்டனை என்று ஊருக்குத் தெரிந்திருந்தது. என் தலைக்கு மாறியதும் அது விபத்தாகிவிட்டது. அவரைக் கூப்பிடக் கூடாது என்று கூடிச் சொன்னவர்கள், கூப்பிடலாம் என்று கூடிச் சொல்லவில்லை. கரும்பு வெட்டு அப்படியே முடிந்து போனது.

இரண்டு மாதம் கழித்து, பக்கத்து ஊரில் திட்டத்தைப் புது விதிகளோடு தொடங்கினோம். அந்த விதிகள்தான் இப்போது உங்கள் கையேட்டில் இருப்பவை. எந்த டப்பாவும், எது எழுதியிருந்தாலும், சமையலறைக்குத் திரும்பக் கூடாது. வந்தவுடன் எல்லாவற்றிலும் ஓட்டை. தரம் பிரிக்கிறவர் வேண்டாம் என்றால் வேண்டாம், யாரும் காரணம் கேட்கக் கூடாது. நீங்கள் அவற்றைப் படித்துவிட்டு, கொஞ்சம் அதிகப்படி என்று பேசிக்கொண்டது என் காதில் விழுந்தது. எப்படி வந்தவை என்று இப்போது தெரிந்திருக்கும்.

அங்கே வேலைக்கு வரச் சொல்ல பேச்சியக்காவிடம் போனேன். யாருடைய புளியையோ வாங்கிவந்து, கட்டையால் தட்டிக் கொட்டை எடுத்துக்கொண்டிருந்தார். புது விதிகளைச் சொன்னேன். கேட்டுக்கொண்டே தட்டினார்.

“போலீசுக்குக் குடுத்தீகளே ஒரு தாளு, அதுல என்னா எழுதுனீங்க?” என்றார்.

சொன்னேன். ஒவ்வொரு வரியும் எனக்கு மனப்பாடம்.

தட்டுவதை நிறுத்தினார். “நான் வேணாமுன்னு சொன்னேனே, அது எங்க வருது?”

அது எங்கேயும் வரவில்லை. அதுவரை எனக்கு அது தோன்றவே இல்லை. எழுதியிருந்ததை நம்பி ஏமாந்தேன் என்று எழுதியிருந்தேன். ஒருவர் தடுத்தும் கொடுத்தேன் என்று எழுதவில்லை. குற்றத்தை ஒப்புக்கொள்ளும்போதும், படிக்கத் தெரியாத ஒருவர் சொன்னது சரி, நான் செய்தது தப்பு என்பதை விட்டுவிட்டுத்தான் ஒப்புக்கொண்டிருக்கிறேன்.

“அப்பன்னா அந்தத் தாளுப்படி நான் அங்கன சும்மா நின்னுருக்கேன்” என்றார் பேச்சியக்கா. கோபமாகச் சொல்லவில்லை. “நான் வரல டீச்சர். நீங்க போயிட்டு வாங்க.”

மறுநாள் மேலதிகாரியிடம் போய் இன்னும் ஒரு வரி சேர்க்க வேண்டும் என்றேன். முடிந்து போன கோப்பு, அதைத் திறந்தால் வேறு கேள்விகள் வரும் என்றார். அடுத்த வருஷமும் கேட்டேன். அவர் மாறிப் போன பிறகு, வந்தவரிடமும் கேட்டேன். எந்தக் கோப்பு என்று அவருக்குத் தெரியவில்லை.

அதனால் இங்கே எழுதுகிறேன். இது கையேட்டோடு சேர்ந்து இருக்கட்டும், புதிதாக வருகிற ஒவ்வொருவரும் வேலையில் சேரக் கையெழுத்துப் போடுவதற்கு முன் வாசிக்கட்டும். அந்த வியாழக்கிழமை, கொட்டகையில், பன்னிரண்டு பேர் முன்னிலையில், அந்த டப்பா வேண்டாம் என்று பேச்சி என்பவர் மூன்று முறை சொன்னார். மூன்று முறையும் எனக்குக் கேட்டது.